தடுப்பூசிக்குப் பின் குழந்தைக்குப் பாதிப்பு: இழப்பீடு கேட்க என்னென்ன வழிகள்?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. நான்கு மாதங்களுக்கு முன், அப்போது 17 மாதமாக இருந்த அவருடைய குழந்தைக்கு, ஒரு புதன்கிழமை அரசு துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடப்பட்டது. இரண்டு நாளில் இடது தொடை வீங்கி, காய்ச்சல் ஏறி, சீழ் கட்டியது. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் கீறி, 11 நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். புண் ஆறிவிட்டது; ஆனால் குழந்தை அந்தக் காலை இழுத்து நடக்கிறது. கணவர் வளைகுடாவில் இருக்கிறார். "கேரளாவில் கோர்ட்டே நஷ்டஈடு கொடுக்கச் சொன்னதாகச் சொல்கிறார்கள், நமக்கும் கிடைக்குமா? யாரிடம் கேட்பது? வழக்குப் போட்டால் ஊசி போட்ட நர்ஸ் அக்காவின் வேலை போய்விடுமா?" என்று கேட்கிறார்.

முதலில் கேரளச் செய்தியைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் இதை நம்பிக் காத்திருக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். 2022-இல் கேரள உயர்நீதிமன்றம், கொரோனா தடுப்பூசிக்குப் பின் கணவரை இழந்த ஒரு பெண்ணின் மனுவில், அத்தகைய இறப்புகளை இனங்கண்டு குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்க நெறிமுறை வகுக்கும்படி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அது பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது; கொரோனா தடுப்பூசியைப் பற்றியது; உச்சநீதிமன்றம் வரை சென்ற விவகாரம். அதே 2022-இல் வேறொரு வழக்கில் ஒன்றிய அரசு உச்சநீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாண வாக்குமூலத்தில், தடுப்பூசி விருப்பத்தின் பேரில் போடப்பட்டது, ஆகவே அரசு பொறுப்பாகாது, பாதிக்கப்பட்டவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தையோ நுகர்வோர் ஆணையத்தையோ நாடலாம் என்று கூறியது. கொரோனா தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர்கள் இவ்வழக்குகளின் இன்றைய நிலையைத் தங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்ட பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும். உங்கள் குழந்தைக்குப் போடப்பட்டது வழக்கமான அட்டவணைத் தடுப்பூசி. அந்த உத்தரவு உங்களுக்கு நேரடியாக உதவாது.

அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தடுப்பூசி விலையோடு சேர்த்து வசூலிக்கப்படும் சிறு வரியிலிருந்து ஒரு நிதி உருவாக்கப்பட்டு, யாருடைய தவறு என்று நிரூபிக்காமலேயே பாதிக்கப்பட்டவருக்கு அதிலிருந்து தொகை வழங்கப்படுகிறது. பிரிட்டனில் 1979-ஆம் ஆண்டுச் சட்டம் 60 விழுக்காடு ஊனமடைந்தவருக்கு ஒரே தொகையாக 1,20,000 பவுண்டு தருகிறது. நம் நாட்டின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்துக்கு அப்படி ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றவில்லை. ஊர் முழுவதற்கும் நன்மை செய்யும் ஒரு திட்டத்தில் அரிதாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டால் அந்தச் சுமையை அந்த ஒரு வீடு மட்டும் தாங்குவது நியாயமல்ல என்பதே என் உறுதியான எண்ணம். ஆனால் அந்தச் சட்டம் வரும்வரை நாம் இருக்கிற சட்டத்தைக் கொண்டே வேலை செய்ய வேண்டும். இருக்கிற சட்டமோ, "பாதிப்பு நேர்ந்தது" என்பதோடு நிற்காமல், "எங்கே, யாருடைய தவறால் நேர்ந்தது?" என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் காகிதங்கள் முதல் சில வாரங்களிலேயே உருவாகின்றன, அல்லது உருவாகாமலே போகின்றன. உங்களுக்கு நான்கு மாதம் கடந்துவிட்டது. ஆகவே வழக்கைவிடப் பதிவே இப்போது அவசரம்.

தடுப்பூசிக்குப் பின் நேரும் எந்த வேண்டாத விளைவையும் பதிவு செய்து ஆராய அரசிடம் ஒரு நடைமுறை இருக்கிறது. சுகாதாரத் துறையினர் அதை ஏஇஎஃப்ஐ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இறப்பு, மருத்துவமனையில் சேர்க்கை, நிலைத்த ஊனம், ஒரே இடத்தில் பலருக்கு ஒரே மாதிரிப் பாதிப்பு ஆகியவை கடுமையான நிகழ்வுகள். அவற்றை உடனே மாவட்டத்துக்குத் தெரிவித்து, மாவட்ட அளவில் விசாரித்து, மாநிலக் குழு ஆராய்ந்து காரணத்தை வகைப்படுத்த வேண்டும். உங்கள் குழந்தை 11 நாள் மருத்துவமனையில் இருந்திருக்கிறது. ஆகவே இது கடுமையான நிகழ்வு என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது. ஊசி தமிழ்நாட்டில் போடப்பட்டது, சிகிச்சை கேரளத்தில் நடந்தது. சிகிச்சை அளித்த மருத்துவமனை தன் பக்கம் தெரிவித்ததா, தெரிவித்திருந்தால் அது நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்ததா என்பதை யாரும் உங்களுக்குத் தாமாக வந்து சொல்லப்போவதில்லை. ஆகவே உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கும், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சுகாதார அலுவலருக்கும் எழுத்து மூலமாக, ஒப்புகைச் சீட்டுடன் கூடிய பதிவுத் தபாலில், நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, இதைத் தடுப்பூசிக்குப் பிந்தைய கடுமையான நிகழ்வாகப் பதிவு செய்து விசாரிக்கக் கோருங்கள். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம். 2022 மே 2-ஆம் தேதி ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்சநீதிமன்றம், கொரோனா தடுப்பூசியைப் பொறுத்தவரை, பாதிக்கப்பட்ட தனிநபர்களும் தனியார் மருத்துவர்களும் தாங்களாகவே பாதிப்பைப் பதிவு செய்ய வசதி வேண்டும் என்று ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவரின் வாய்மொழியும் கணக்கில் வர வேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

விசாரணையின் முடிவு எந்த வகையில் விழுகிறது என்பதுதான் உங்கள் வழக்கின் தலைவிதியைப் பெருமளவு தீர்மானிக்கும். மருந்தின் இயல்பான எதிர்வினை, மருந்தின் தரக்குறைவு, ஊசி போட்ட முறையில் நேர்ந்த பிழை, ஊசி பற்றிய பதற்றத்தால் வந்த விளைவு, தடுப்பூசியோடு தொடர்பில்லாமல் தற்செயலாக அதே சமயத்தில் வந்த நோய் என ஐந்து காரணங்கள் உண்டு. நடிகர் விவேக் 2021 ஏப்ரலில் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் காலமானபோது தமிழ்நாடே கலங்கியது. ஆராய்ந்த குழு அதைத் தற்செயல் நிகழ்வு என்றே வகைப்படுத்தியது. ஊசிக்குப் பின் நடந்தது என்பதாலேயே ஊசியால் நடந்தது என்று நீதிமன்றமும் ஏற்றுக்கொள்ளாது. உங்கள் விஷயத்தில் நிலைமை வேறு. ஊசி குத்திய அதே இடத்தில் இரண்டு நாளில் சீழ் கட்டுவது, பெரும்பாலும் கிருமி நீக்கத்திலோ, மருந்தைக் கையாண்டதிலோ நேர்ந்த குறையைக் காட்டும். அறுவையின்போது எடுத்த சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த அறிக்கை உங்கள் கையிலிருக்கும் மிக வலுவான சான்று. கிருமி வளர்ந்திருந்தால் அது அந்தக் குறையின் பக்கம் காட்டும். வளராவிட்டால் மருந்தின் தன்மையால் வந்த கட்டியாக இருக்கலாம் என்ற வாதம் எழும்.

காலை இழுத்து நடப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம், அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 16 முதல் 24 மாதத்தில் போடும் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கான முத்தடுப்பு) ஊக்குவிப்பு ஊசியை இடது தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில், நடுப்பகுதியில் போட வேண்டும் என்பது அட்டவணை விதி. பிட்டத்தில் போடக்கூடாது என்பதற்குக் காரணமே, அங்கே காலுக்குச் செல்லும் பெரிய நரம்பு ஓடுகிறது என்பதுதான். தழும்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீக்கம் இருந்த நாட்களில் கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் இருந்தால் அவர் தொலைபேசியிலும் அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள், அனுப்பிய தேதியே ஒரு சாட்சி. குழந்தையை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, சிகிச்சை பெற்ற இடத்திலோ நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, நரம்புக் கடத்தல் பரிசோதனையின் முடிவையும், எப்போதிலிருந்து என்ன குறை என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இது வழக்குக்காக மட்டுமல்ல. பிசியோதெரபி தொடங்க ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

ஆவணங்களைப் பற்றி இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். தாய் சேய் நல அட்டையை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள். "அட்டையைக் கொடுங்கள், பதிந்து தருகிறோம்" என்று வாங்கிப்போன அட்டை திரும்பி வராத ஒரு குடும்பத்துக்காக நான் இரண்டு ஆண்டு அலைந்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மருத்துவமனை தன் பதிவேடுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுக்க விதி. அவற்றை மூன்றாண்டு மட்டுமே பாதுகாக்கும் கடமை உண்டு என்பதால் தாமதிக்காமல் முழுக் கோப்பையும் கேளுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அரசிடமிருந்து, 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அன்று அந்த மையத்தில் பயன்படுத்திய மருந்தின் பேட்ச் எண், காலாவதித் தேதி, குளிர்பெட்டி வெப்பநிலைப் பதிவேட்டின் நகல், குப்பி திறந்த நேரம், அன்று ஊசி போட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, அவர்களில் யாருக்காவது இதே போன்ற பாதிப்பு பதிவாகியுள்ளதா என்பவற்றைக் கேளுங்கள். மற்றக் குழந்தைகளின் பெயரைக் கேட்டால் மறுப்பார்கள். எண்ணிக்கையைக் கேட்டால் மறுக்கக் காரணமில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் வைக்க வேண்டும். தட்டம்மை ரூபெல்லா ஊசியைக் கரைத்த நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மீதியை எறிந்துவிட வேண்டும். இந்த விதிகளில் எது மீறப்பட்டிருந்தாலும் அது பதிவேட்டில்தான் தெரியும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்ததை என் தலைமுறையினர் மறக்கவில்லை. ஒரே நாளில் பல குழந்தைகளுக்குப் பாதிப்பு நேர்ந்தால் விசாரணையே வேறு வேகத்தில் நடக்கும். ஒரு குழந்தை மட்டும் என்றால் பெற்றோர்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

இனி, எந்த மன்றம் என்ற கேள்வி. அதைத் தீர்மானிப்பது பணம் கொடுத்தீர்களா என்பதே. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தனியார் மருத்துவரிடம் காசு கொடுத்து ஊசி போட்டிருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். நீங்கள் எவ்வளவு இழப்பீடு கேட்கிறீர்கள் என்பதை அல்ல, எவ்வளவு விலை கொடுத்தீர்கள் என்பதை வைத்தே இப்போது ஆணையத்தின் அதிகார வரம்பு கணக்கிடப்படுகிறது; சில ஆயிரம் ரூபாய் ஊசிக்கு எத்தனை லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஊசி வேறு ஊரில் போட்டிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம் என்பது புதிய சட்டத்தின் பெரிய நன்மை. இரண்டாண்டுக்குள் செய்ய வேண்டும். மருந்தே குறையுடையது என்றால் உற்பத்தி நிறுவனத்தையும் சேர்க்க அதே சட்டத்தில் பொருள் பொறுப்பு பற்றிய தனி அத்தியாயம் இருக்கிறது. ஆனால் உறைத்தாளில் முன்கூட்டியே எச்சரித்திருக்கும் அரிய பக்கவிளைவைக் குறைபாடு என்று நிறுவுவது மிகக் கடினம்.

உங்களுக்கு ஊசி இலவசமாகப் போடப்பட்டது. 1995-இல் உச்சநீதிமன்றம், எல்லோருக்கும் இலவசமாகவே சேவை தரும் இடம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றும், சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகத் தரும் மருத்துவமனை வரும் என்றும் பிரித்துச் சொன்னது. துணை சுகாதார நிலையத்தில் கட்டணம் என்பதே இல்லை. ஆகவே அந்தக் கதவு உங்களுக்கு அநேகமாக மூடியிருக்கிறது. இதை அறியாமல் நுகர்வோர் ஆணையத்தில் ஓராண்டைக் கழித்துவிட்டு வருபவர்கள் உண்டு.

உங்களுக்குத் திறந்திருப்பவை இரண்டு. ஒன்று, உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கு. அரசு மருத்துவமனை ஊழியரின் கவனக்குறைவுக்கு அரசே பொறுப்பு என்பதை உச்சநீதிமன்றம் 1996-இலும் 2000-இலும் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. குழந்தையின் சார்பில் தாயாகிய நீங்களே வழக்குத் தொடரலாம். கணவர் ஊருக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லை. வழக்குக்கு முன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியருக்கோ துறைச் செயலாளருக்கோ இரண்டு மாத அறிவிப்பு அனுப்ப வேண்டும். காலவரையறையைப் பொறுத்தவரை மூன்றாண்டு என்பது பொது விதி; குழந்தை மைனர் என்பதால் அது பெரியவனாகும்வரை காலம் ஓடாது என்ற சலுகையும் உண்டு. இருந்தாலும், சட்டப்படி செய்த செயலுக்கு எதிரான வழக்கு என்று ஓராண்டு விதியை எதிர்த்தரப்பு இழுக்கக்கூடும், பதிவேடுகளும் காத்திருக்காது. ஓராண்டுக்குள் வழக்கைப் போட்டுவிட வேண்டும் என்பதே என் அறிவுரை. குழந்தை இறந்துபோன குடும்பங்களுக்கு 1855-ஆம் ஆண்டு மரண விபத்துச் சட்டத்தின்படி இறந்த நாளிலிருந்து இரண்டாண்டு மட்டுமே. கோரும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் உண்டு. கட்ட இயலாதவர் வறியவராக வழக்காட அனுமதி கேட்கலாம்.

மற்றொன்று, மதுரைக் கிளை உயர்நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்படி நீதிப்பேராணை (ரிட்) மனு. அடிப்படை உரிமை மீறலுக்கு நேரடியாக இழப்பீடு தரலாம் என்பது 1993 முதல் நிலைபெற்ற சட்டம். சாத்தூரில் கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்ஐவி தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்ட வழக்கில் 2019-இல் இதே மதுரைக் கிளைதான் 25 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. ஆனால் அங்கே தவறு மறுக்க முடியாதபடி வெளிப்பட்டிருந்தது. உண்மையே தகராறில் இருந்தால், சாட்சி விசாரணை வேண்டும் என்று சொல்லி உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, இப்போதைக்கு மதுரைக்கு ஒரு சிறிய வேண்டுகோளோடு மட்டும் செல்லலாம் என்பதே: நீங்கள் அனுப்பிய மனுவைப் பதிவு செய்து, குழு குறித்த காலத்துக்குள் ஆராய்ந்து, முடிவின் நகலை உங்களுக்குத் தர உத்தரவிட வேண்டும் என்பது. மாவட்டம் இரண்டு மாதமாகியும் அசையாவிட்டால் இதைச் செய்யுங்கள். அந்த அறிக்கை கைக்கு வந்தபின் இழப்பீட்டு வழக்கின் வலிமை தானே தெரியும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு நேர்மையான விடை, கால் எந்த அளவுக்குக் குணமாகிறது என்பதைப் பொறுத்தது. செலவழித்த தொகை, இனி வேண்டிய சிகிச்சை, நிலைத்த குறை, குழந்தை பட்ட வலி, பார்த்துக்கொள்ள நீங்கள் இழந்த வருமானம் எல்லாம் கணக்கில் வரும். சென்னையில் 1996-இல் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தை அரசு மருத்துவமனையின் கவனக்குறைவால் பார்வை இழந்ததற்கு 2015-இல் உச்சநீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் வழங்கியது. அந்தத் தொகையைப் பார்க்கும்போது, அந்தப் பெற்றோர் காத்திருந்த 19 ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடையில் யாராவது சமரசமாகப் பேசி ஒரு தொகை தருவதாகச் சொன்னால் வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது மைனரின் உரிமையை விட்டுக்கொடுக்கும் சமரசத்துக்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். மருத்துவமனைச் சேவை தொடர்பான தகராறுகளை, வழக்குக்குப் போகும் முன், 1 கோடி ரூபாய் வரை நிரந்தர மக்கள் நீதிமன்றம் தீர்க்கலாம். ஆனால் அதன் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதை அறிந்தே செல்ல வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள்.

மருந்து ஆய்வில் பங்கேற்றுப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் பாதை வேறு. 2019-ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, ஆய்வை நடத்தும் நிறுவனமே இலவச சிகிச்சையும், விதியில் உள்ள சூத்திரப்படி இழப்பீடும் தர வேண்டும்.

கடைசியாக, நீங்கள் நர்ஸ் அக்காவைப் பற்றிக் கேட்டது என் மனதைத் தொட்டது. குழந்தையின் காலைப் பார்த்துக்கொண்டே அவருடைய வேலையையும் நினைத்திருக்கிறீர்கள். இழப்பீட்டு வழக்கில் முதன்மை எதிர்வாதி அரசுதான். பணம் கொடுக்க வேண்டியதும் அரசுதான். காவல்நிலையத்தில் புகார் கொடுத்தால் அது அவர் மீதான குற்ற வழக்காகும். உங்களுக்கு அதனால் ஒரு ரூபாயும் வராது, 2005-இல் உச்சநீதிமன்றம் சொன்னபடி கடும் அலட்சியத்தை நிரூபிக்கவும் வேண்டும். இப்போது தெரிந்த அளவில் அதற்கு நான் காரணம் காணவில்லை. ஏஇஎஃப்ஐ விசாரணையின் நோக்கம் ஆளைப் பிடிப்பதல்ல, பிழை எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று கண்டு அதைச் சரிசெய்வது. பல சமயம் ஒரே ஆள் மூன்று கிராமங்களுக்கு ஓடவேண்டிய ஏற்பாட்டிலேயே அந்தப் பிழை இருக்கும். குழந்தைக்கு அடுத்த டிபிடி ஊசி ஐந்து வயதுக்கு மேல்தான். அதற்குள் அட்டையில் இந்த நிகழ்வை மருத்துவ அலுவலரின் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள், அன்று போடப்போகிறவர் அதைப் படித்துவிட்டே ஊசியை எடுப்பார்.